பிளாட்டர் கோப்பை லேசர் அச்சுப்பொறியில் அச்சிடுவது எப்படி

பேனாவைப் பிடித்துத் தாளில் கோடு இழுக்கும் கருவியான பிளாட்டருக்காக எழுதப்பட்ட பழைய இயந்திர வரைபடக் கோப்பு ஒன்றை அப்படியே லேசர் அச்சுப்பொறிக்கு அனுப்பினால், பெரும்பாலும் வரைபடம் வராது. எழுத்துகளும் எண்களும் அரைப்புள்ளிகளும் நெருக்கமாக நிரம்பிய தாள்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருக்கும். தட்டில் காகிதம் தீர்ந்தாலொழிய நிற்காது. கோப்பில் கோளாறு எதுவும் இல்லை. பேனாவைத் தூக்கு, இந்த இடத்துக்குப் போ, பேனாவை இறக்கு, அந்த இடம்வரை இழு என்று ஓர் இயந்திரக் கைக்கு இடப்பட்ட ஆணைகள் மட்டுமே அதில் உள்ளன. பேனாவின் தடிமன், மையின் நிறம், தாளின் அளவு, தாள் எந்தப் பக்கமாக வைக்கப்பட்டது ஆகியவற்றையெல்லாம் அக்காலத்தில் பிளாட்டருக்கு முன்னால் நின்றவர் தம் கையால் கொடுத்தார்; அவை கோப்பில் பதிவாகவே இல்லை. ஆகவே மாற்றும் வேலையின் பெரும்பகுதி, அந்த மனிதர் கையால் செய்தவற்றைக் கோப்புக்குள் எழுத்தாகச் சேர்ப்பதுதான்.

இங்கே நான் எடுத்துக்கொள்வது ஹெவ்லட்-பேக்கார்டு நிறுவனத்தின் ஹெச்பி-ஜிஎல் மொழியில் எழுதப்பட்ட கோப்புகளை. 1983-இல் வந்த 7475ஏ போன்ற மேசைப் பிளாட்டர்களுக்கும், அவற்றைவிடப் பெரிய வரைகலைப் பிளாட்டர்களுக்கும் இதுவே மொழி. ஆட்டோகேட் என்ற வரைபட மென்பொருளிலிருந்து பிஎல்டி என்ற பின்னொட்டோடு சேமிக்கப்பட்டவற்றில் பெரும்பாலானவையும், ஆய்வகங்களில் உள்ள பழைய நெட்வொர்க் அனலைசர் போன்ற அளவீட்டுக் கருவிகள் வெளியிடும் படங்களும் இந்த மொழியில்தான் இருக்கின்றன. கட்டளைகளின் பெயர்கள் இரண்டு ஆங்கிலப் பெரிய எழுத்துகளால் ஆனவை. அவற்றை நான் உச்சரிப்புப்படி தமிழில் எழுதுகிறேன். கோப்பில் தட்டும்போது ஆங்கில எழுத்துகளாகவே தட்ட வேண்டும்.

முதலில் கோப்பைத் திறந்து பாருங்கள்

பின்னொட்டை நம்ப வேண்டாம். பிஎல்டி என்று முடியும் கோப்புக்குள் ஹெச்பி-ஜிஎல் இருக்கலாம், அதன் பிற்கால வடிவமான ஹெச்பி-ஜிஎல்/2 இருக்கலாம், போஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற பக்க மொழியும் இருக்கலாம். கோப்பின் நகல் ஒன்றை எளிய உரைத்தொகுப்பானில் திறந்து முதல் இரண்டு வரிகளைப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். 'ஐஎன்' என்று தொடங்கி, 'எஸ்பி1', 'பியு', 'பிடி' என்ற கட்டளைகளும் எண்களும் மாறிமாறி வந்தால் அது ஹெச்பி-ஜிஎல். சதவீதக் குறியும் ஆச்சரியக் குறியும் அடுத்தடுத்து நின்று பின்னால் 'பிஎஸ்' வந்தால் போஸ்ட்ஸ்கிரிப்ட். அதற்கு இந்த வழிகாட்டியே தேவையில்லை. அரைப்புள்ளியும் முக்காற்புள்ளியுமாகத் தொடங்கினால் அது ஹூஸ்டன் இன்ஸ்ட்ருமென்ட் பிளாட்டர்களின் டிஎம்பிஎல் மொழியாக இருக்க வாய்ப்பு அதிகம். அதை இங்குச் சொல்லும் முறையில் மாற்ற முடியாது. 'பிஇ' என்ற கட்டளைக்குப் பிறகு படிக்கவே முடியாத குறிகள் நீளமாக ஓடினால், ஆயத்தொலைவுகளைச் சுருக்கி எழுதும் ஹெச்பி-ஜிஎல்/2 கோப்பு என்று கொள்ளலாம். அதைக் கையால் திருத்த முயல வேண்டாம்.

முழு வழிகாட்டிக்கும் உதவும்படி ஒரு சிறிய கோப்பை எடுத்துக்கொள்வோம்:

ஐஎன்; எஸ்பி1; பியு2000,1000; பிடி6000,1000,6000,5000,2000,5000,2000,1000; பியு; எஸ்பி0;

'ஐஎன்' பிளாட்டரைத் தொடக்க நிலைக்குக் கொண்டுவருகிறது. 'எஸ்பி1' முதல் பேனாவை எடுக்கச் சொல்கிறது. 'பியு' பேனாவைத் தூக்கியபடி நகர்வது. 'பிடி' தாளில் பதித்தபடி இழுப்பது. 'எஸ்பி0' பேனாவை அதன் இடத்தில் திருப்பி வைப்பது. பிளாட்டரின் ஓர் அலகு 0.025 மி.மீ., அதாவது ஒரு மில்லிமீட்டருக்கு 40 அலகுகள், ஓர் அங்குலத்துக்கு 1016 அலகுகள். 2000-க்கும் 6000-க்கும் இடையே 4000 அலகுகள் இருப்பதால், இந்தக் கோப்பு வரைவது சரியாக 100 மி.மீ. பக்கமுள்ள ஒரு சதுரம். இந்தக் கோப்பைத் தனியாகச் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள். உண்மையான வரைபடத்தைத் தொடுவதற்கு முன் ஒவ்வொரு மாற்றத்தையும் இதில் சோதித்துப் பார்ப்பது நல்லது.

உங்கள் அச்சுப்பொறிக்கு எது புரியும்

1984-இல் வந்த முதல் லேசர்ஜெட்டுக்கும் அதன் பின் வந்த இரண்டாம் தலைமுறைக்கும் ஹெச்பி-ஜிஎல் தெரியாது. புள்ளிகளாக மாற்றிக் கொடுத்தால் மட்டுமே படம் அச்சிடும். 1990-இல் வந்த லேசர்ஜெட் 3, பிசிஎல் 5 என்ற தன் அச்சுப்பொறி மொழிக்குள்ளேயே ஹெச்பி-ஜிஎல்/2 மொழியையும் சேர்த்துக்கொண்டு வந்தது. அன்றிலிருந்து பிசிஎல் 5 தெரிந்த எந்த அச்சுப்பொறிக்கும் கோடுகளைக் கோடுகளாகவே அனுப்பலாம். பிசிஎல் 6 என்று மட்டும் பெட்டியில் எழுதியிருந்தால் சற்று நிதானியுங்கள். அந்தப் பெயரால் குறிக்கப்படும் பிசிஎல் எக்ஸ்எல் வேறு மொழி. ஆனால் அலுவலகத் தரத்து இயந்திரங்கள் பலவற்றில் அதனோடு பிசிஎல் 5 மொழியும் சேர்ந்தே இருக்கும். வீட்டுப் பயன்பாட்டுக்கு மலிவாக விற்கப்படும் பல அச்சுப்பொறிகள் எந்தப் பக்க மொழியும் அறியாதவை. எல்லாக் கணக்கையும் கணினியே செய்து புள்ளிகளாக அனுப்புவதை மட்டும் அவை வாங்கிக்கொள்ளும்.

எனவே வழிகள் இரண்டு. பிசிஎல் 5 தெரிந்த இயந்திரமானால் கோப்புக்கு முன்னும் பின்னும் சில கட்டுப்பாட்டு வரிகளைச் சேர்த்து நேராக அனுப்பலாம். தெரியாத இயந்திரமானால் கணினியிலேயே பிடிஎஃப் அல்லது புள்ளிப் படமாக மாற்றி, வழக்கமான முறையில் அச்சிட வேண்டும். முதல் வழியில் வேலை அதிகம், ஆனால் கோட்டின் கூர்மை கணினியின் இடைத்தரகு இல்லாமல் முழுமையாகக் கிடைக்கும். என்ன நடக்கிறது என்பதும் கண்முன்னே தெரியும். ஆகவே அதையே விரிவாகச் சொல்கிறேன்.

கோப்புக்கு உறை போடுதல்

அச்சுப்பொறி மின் இணைப்புப் பெற்றதும் பிசிஎல் மொழியில் காத்திருக்கும். அதைப் பிளாட்டர் மொழிக்கு மாற்ற, எஸ்கேப் எழுத்தை அடுத்துச் சதவீதக் குறி, 0, பெரிய பி (ஆங்கில அகரவரிசையின் இரண்டாம் எழுத்து) ஆகியவற்றை அனுப்ப வேண்டும். மீண்டும் பிசிஎல் மொழிக்குத் திரும்ப எஸ்கேப், சதவீதக் குறி, 0, பெரிய ஏ. எஸ்கேப் என்பது 27 என்ற எண்ணுள்ள கட்டுப்பாட்டு எழுத்து. விண்டோஸின் நோட்பேடில் அதைத் தட்ட முடியாது. டாஸின் எடிட் நிரலில் கன்ட்ரோல்-பி (இது பதினாறாம் எழுத்து) அழுத்தி எஸ்கேப் அழுத்தினால் வரும். லினக்ஸின் விஐ தொகுப்பானில் கன்ட்ரோல்-வி அழுத்தி எஸ்கேப் அழுத்த வேண்டும்.

இந்த இரண்டு வரிகளை மட்டும் போட்டு அனுப்பினாலும் படம் வரும். ஆனால் எங்கே வரும் என்பது உங்கள் கையில் இராது. வரைபடத்தின் தொடக்கப் புள்ளி தாளின் மூலையில் விழுவதில்லை. அச்சுப்பொறி தனக்குள் வைத்திருக்கும் படச்சட்டத்தின் இடது கீழ் மூலையில் விழுகிறது. நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் அந்தச் சட்டம் மேலும் கீழும் அரை அங்குலம் விட்டு அமையும். ஆகவே சட்டத்தை நீங்களே அமைத்துவிடுவது மேல். ஏ4 தாளில் கிடைமட்டமாக 280 மி.மீ. அகலமும் 200 மி.மீ. உயரமும் உள்ள சட்டத்துக்குத் தலைப்பகுதி இப்படி அமையும். ஒவ்வொரு வரியும் எஸ்கேப் எழுத்தோடு தொடங்குகிறது என்று கொள்க:

ஈ — அச்சுப்பொறியைத் தொடக்க நிலைக்குக் கொண்டுவர
&எல்26ஏ — ஏ4 தாள்
&எல்1ஓ — கிடைமட்டம்
&எல்0ஈ — மேல் ஓரம் சுழியம்
*பி0எக்ஸ், பின்னர் இன்னோர் எஸ்கேப்போடு *பி60ஒய் — சுட்டியை இடது ஓரத்துக்கும், மேலிருந்து 60 புள்ளிகள் கீழேயும் நகர்த்த (இங்கே பி பதினாறாம் எழுத்து)
*சி7937எக்ஸ் — சட்டத்தின் அகலம்
*சி5669ஒய் — சட்டத்தின் உயரம்
*சி0டி — சுட்டி நிற்கும் இடத்தில் சட்டத்தை ஊன்ற (டி இருபதாம் எழுத்து)
%0பி — பிளாட்டர் மொழிக்குள் நுழைய

அகலமும் உயரமும் அங்குலத்தில் 720-இல் ஒரு பங்கு என்ற அலகில் கொடுக்கப்படுகின்றன, மில்லிமீட்டரை 28.35-ஆல் பெருக்கினால் போதும். வரிசையை மாற்ற வேண்டாம். தாளின் கிடையை மாற்றும் கட்டளை ஓரங்களைப் பழைய நிலைக்குக் கொண்டுபோய்விடும் என்பதால் ஓரம் அதற்குப் பின்னால்தான் வர வேண்டும். குறிக்கு அடுத்து வரும் எழுத்துச் சிறியதாகவும் வரியின் கடைசி எழுத்துப் பெரியதாகவும் இருப்பது கட்டாயம். இங்கே ஒரு கண்கட்டு உண்டு. '&எல்' என்பதில் உள்ள சிறிய எல் பல எழுத்துருக்களில் 1 என்ற எண் போலவே தோன்றும். கிடைமட்டக் கட்டளையின் முடிவில் இருப்பது ஓ என்ற எழுத்து, சுழியம் அன்று. தலைப்பகுதி வேலை செய்யவில்லை என்றால் நான் முதலில் பார்ப்பது இந்த இரண்டையும்தான்.

வால்பகுதி சுருக்கமானது: எஸ்கேப் %0ஏ, அதையடுத்து எஸ்கேப் ஈ. தாளை வெளியே தள்ளுவது இந்தக் கடைசி ஈ. அதை விட்டுவிட்டால் படம் நினைவகத்திலேயே தங்கி, அடுத்து யாரோ அனுப்பும் கடிதத்தோடு சேர்ந்து வெளிவரும்.

தலையையும் வாலையும் தனித்தனிக் கோப்புகளாகச் சேமித்துவிட்டால், டாஸ் அல்லது விண்டோஸ் கட்டளைச் சாளரத்தில் காப்பி கட்டளையால் தலை, படம், வால் மூன்றையும் கூட்டல் குறியிட்டு ஒன்றாக்கலாம். காப்பிக்கு அடுத்துச் சாய்கோடும் பி எழுத்தும் (இரண்டாம் எழுத்து) கட்டாயம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கோப்பில் 26 என்ற கட்டுப்பாட்டு எழுத்து வரும் இடத்திலேயே நகல் நின்றுவிடும். படம் பாதியில் அறுந்ததன் காரணம் புரியாமல் மணிக்கணக்கில் அலைய நேரிடும்.

அளவும் தொடக்கப் புள்ளியும்

ஏ3 தாளில் 16000 அலகு அகலமும் 11000 அலகு உயரமும், அதாவது 400-க்கு 275 மி.மீ. நிரப்பும் ஒரு வரைபடத்தை நம் 280 மி.மீ. சட்டத்துக்குள் அடக்க வேண்டும் என்று கொள்வோம். சட்டம் பிளாட்டர் அலகில் 11200-க்கு 8000. அகலத்தில் சுருக்க விகிதம் 0.7, அதே விகிதத்தில் உயரம் 7700 ஆகிறது, இடம் போதும்.

இதைச் செய்யக் கோப்பின் உள்ளேயே ஒரு வழி உண்டு. 'ஐஎன்' கட்டளையை அடுத்து 'எஸ்சி0,16000,0,11000,1;' என்று சேர்த்தால், அங்கிருந்து கோப்பில் உள்ள எண்கள் பிளாட்டர் அலகாகக் கொள்ளப்படாமல் சட்டத்துக்கு ஏற்ப அளக்கப்படும். கடைசியில் உள்ள 1 இரண்டு அச்சுகளிலும் ஒரே விகிதத்தைக் காக்கிறது; அது இல்லாவிட்டால் வட்டமாக இருக்க வேண்டியது முட்டை வடிவமாகலாம். ஆனால் 'ஐஎன்' கட்டளைக்கு முன்னால் இதைச் சேர்க்க வேண்டாம், ஏனெனில் 'ஐஎன்' அதற்கு முன் சொன்ன அளவுகள் அனைத்தையும் அழித்துவிடும். கோப்பில் நடுநடுவே வேறு 'ஐஎன்' அல்லது, இயல்பு நிலைக்குத் திருப்பும் 'டிஎஃப்' இருக்கிறதா என்று தேடிப் பார்ப்பதும் அவசியம். சில மென்பொருள்கள் ஒவ்வொரு பக்கத் தொடக்கத்திலும் அதைப் போட்டுவைக்கின்றன. கோப்பில் ஏற்கெனவே ஓர் 'எஸ்சி' இருந்தால் நீங்கள் சேர்க்க வேண்டியதில்லை. அதன் கூடவே வரும், படத்தின் மூலைகளைக் குறிக்கும் 'ஐபி' கட்டளையின் எண்களை மட்டும் சட்டத்துக்கு ஏற்ப மாற்றினால் போதும்.

இந்த வழியில் ஒரு குறை உண்டு. எழுத்தின் அளவைச் சென்டிமீட்டரில் சொல்லும் 'எஸ்ஐ' கட்டளை 'எஸ்சி'க்குக் கட்டுப்படாது. ஆகவே கோடுகள் சுருங்க, எழுத்துகள் பழைய அளவிலேயே நின்று ஒன்றின்மேல் ஒன்று ஏறும். எழுத்து நிறைந்த வரைபடங்களுக்கு நான் விரும்புவது பிசிஎல் பக்கத்தில் உள்ள இன்னொரு வழியை. சட்டத்தின் அளவைச் சொன்ன இடத்திலேயே, மூல வரைபடத்தின் அளவையும் அங்குலத்தில் சொல்லிவிடலாம்: எஸ்கேப் *சி15.75கே அகலத்துக்கு, எஸ்கேப் *சி10.83எல் உயரத்துக்கு. 16000-ஐ 1016-ஆல் வகுத்தால் 15.75 கிடைக்கிறது. அச்சுப்பொறி இவ்விரண்டையும் சட்டத்தின் அளவோடு ஒப்பிட்டு, கோடு, எழுத்து, மில்லிமீட்டரில் சொன்ன பேனாத் தடிமன் என எல்லாவற்றையும் சேர்த்துச் சுருக்கும். 'ஐஎன்' வந்தாலும் இது அழியாது. ஆனால் அகலத்துக்கும் உயரத்துக்கும் தனித்தனியே கணக்கிடும் என்பதால், சட்டத்தின் உயரத்தை 200 மி.மீ.யிலிருந்து 192.5 மி.மீ.க்கு, அதாவது 5457-க்குக் குறைத்து விகிதத்தை நீங்களே சமன்செய்ய வேண்டும்.

படத்தின் கால்பங்கு மட்டும், அதுவும் தாளின் மூலையில் தொடங்கி, மேல் வலப்பகுதி மட்டும் வந்தால் பதற வேண்டாம். 7475ஏ போன்ற சிறிய பிளாட்டர்களில் தொடக்கப் புள்ளி இடது கீழ் மூலையில் இருந்தது. 7580 வரிசை போன்ற பெரிய பிளாட்டர்களில் அது தாளின் நடுவில் இருந்தது. அவற்றுக்காக எழுதப்பட்ட கோப்புகளில் பாதி எண்களுக்கு முன்னால் கழித்தல் குறி இருக்கும். சட்டத்தின் மூலையைத் தொடக்கமாகக் கொள்ளும் லேசர் அச்சுப்பொறி அவற்றையெல்லாம் சட்டத்துக்கு வெளியே என்று வெட்டிவிடும். இங்கே 'எஸ்சி' கட்டளைதான் கைகொடுக்கிறது: 'எஸ்சி-8000,8000,-5500,5500,1;' என்று எழுதினால் நடுப்புள்ளி சட்டத்தின் நடுவில் போய் அமர்ந்துவிடும்.

விட்டுவிட்டு வரும் கோடுகளைப் பற்றி ஒரு வார்த்தை. கோட்டின் வகையைச் சொல்லும் 'எல்டி' கட்டளையில் (டி இருபதாம் எழுத்து) வடிவத்தின் நீளம் சொல்லப்படாவிட்டால் அது சட்டத்தின் மூலைவிட்டத்தில் 4 சதவீதமாகக் கொள்ளப்படும். தாள் மாறினால் கோட்டின் இடைவெளியும் மாறுவது இதனால்தான்.

பேனாக்கள்

பிளாட்டரின் சுழல்தட்டில் முதல் இடத்தில் 0.3 மி.மீ. கறுப்பு, இரண்டாம் இடத்தில் 0.7 மி.மீ. கறுப்பு, மூன்றாம் இடத்தில் சிவப்பு என்று யாரோ செருகியிருந்தார்கள். கோப்புக்குத் தெரிந்தது 1, 2, 3 என்ற எண்கள் மட்டுமே. கறுப்பில் மட்டும் அச்சிடும் லேசர் அச்சுப்பொறி கறுப்பு, வெள்ளை என்று இரண்டே பேனாக்களை அறியும்: 'எஸ்பி0' வெள்ளை, மற்ற எந்த எண்ணும் கறுப்பு. தடிமன் சொல்லாவிட்டால் எல்லாக் கோடும் 0.35 மி.மீ. ஆகும். அளவுக்கோடும் பொருளின் வெளிக்கோடும் ஒரே தடிமனில் வந்த வரைபடத்தைப் பட்டறைக்காரரிடம் கொடுத்தால், அவர் எதை வெட்டுவது என்று கேட்பார்.

இதற்கு நான் கையாளும் முறை, கோப்பில் உள்ள ஒவ்வொரு பேனா மாற்றத்தையும் தடிமன் மாற்றமாக ஆக்குவது. 'எஸ்பி2;' வரும் இடமெல்லாம் 'எஸ்பி1;பிடபிள்யூ0.7;' என்றும், 'எஸ்பி1;' வரும் இடமெல்லாம் 'எஸ்பி1;பிடபிள்யூ0.3;' என்றும் மாற்றிவிட வேண்டும். 'எஸ்பி1' முதலில் மாற்றப்பட வேண்டும். இரண்டை முதலில் மாற்றினால், அதில் புதிதாக வந்த 'எஸ்பி1' அடுத்த சுற்றில் தானும் மாறிவிடும். 'பிடபிள்யூ' தடிமனை மில்லிமீட்டரில் எடுத்துக்கொள்ளும். அரைப்புள்ளியையும் சேர்த்தே தேடுங்கள், இல்லாவிட்டால் பத்தாம் பேனாவும் ஒன்றாம் பேனாவாகிவிடும். சில கோப்புகளில் அரைப்புள்ளியே இராது. ஹெச்பி-ஜிஎல் அதற்கு இடம் கொடுக்கிறது. அப்படியானால் ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை. வரைபடத்தில் எழுதப்பட்ட பாகத்தின் பெயரே அந்த இரண்டு எழுத்துகளோடு இருந்துவிடுவதும் உண்டு. தேடி மாற்றும்போது அதன்மீது ஒரு கண் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆய்வகக் கருவிகளின் படங்களில் பேனா எண் தடிமனைக் காட்டிலும் நிறத்தையே குறிக்கும். ஒவ்வொரு வளைவரையும் ஒரு நிறம். அங்கே தடிமனை மாற்றுவதைவிடக் கோட்டின் வகையை மாற்றுவது படிக்க எளிது: 'எஸ்பி3;' வரும் இடத்தில் 'எஸ்பி1;எல்டி4;' என்று போட்டு, முதல் பேனா திரும்பும் இடத்தில் எண் எதுவும் இல்லாத 'எல்டி;' சேர்த்தால் கோடு மீண்டும் தொடர்கோடாகும்.

சுருக்கத்தோடு தடிமனும் எங்கே போகிறது என்று கணக்குப் பார்க்க வேண்டும். 841 மி.மீ. அகலமுள்ள ஏ1 வரைபடத்தை ஏ4 தாளுக்குக் கொண்டுவந்தால் விகிதம் ஏறத்தாழ 0.35, 0.35 மி.மீ. கோடு 0.12 மி.மீ. ஆகிறது. அங்குலத்துக்கு 300 புள்ளிகள் உள்ள இயந்திரத்தில் ஒரு புள்ளியே 0.085 மி.மீ. ஆதலால் கோடு சில இடங்களில் ஒரு புள்ளியாகவும் சில இடங்களில் இரண்டு புள்ளிகளாகவும் மாறிமாறி வரும். 600 புள்ளிகள் உள்ள இயந்திரத்தில் இது அவ்வளவாகத் தெரியாது. நெருக்கமான கோடுகளால் நிரப்பப்பட்ட பரப்புகளோ கறுப்புத் திட்டுகளாகிவிடும். ஏ1 வரைபடத்தை ஏ4-இல் படிக்க முடியும் என்று எதிர்பார்ப்பதே தவறு என்பது என் கருத்து. குறிப்புக்காக வைத்துக்கொள்ளலாம், அளவு எடுக்க முடியாது. அளவு எடுக்க வேண்டுமானால் பகுதி பகுதியாக முழு அளவில் அச்சிட்டு ஒட்டுவதே வழி.

எழுத்துகளும் கண்ணுக்குத் தெரியாத அந்த ஒரு குறியும்

நான் முன்பு வேலை பார்த்த ஆய்வகம் ஒன்றில், அளவீட்டுக் கருவி வெளியிட்ட கோப்பில் தலைப்பில் இருந்த ஓர் எழுத்துப்பிழையைத் திருத்தச் சொன்னார்கள். கையில் இருந்த சொற்செயலியில் திறந்து, திருத்தி, வெறும் உரையாகச் சேமித்து அனுப்பினேன். தாளில் வளைவரை ஒன்றும் இல்லை; மேல் மூலையில் தலைப்பும் அதையடுத்துக் கட்டளைகளும் எண்களும் ஒரே நீண்ட வரியாக ஓடித் தாளின் விளிம்பில் மறைந்தன.

எழுத்துகளை வரையும் 'எல்பி' கட்டளைக்கு (இங்கே பி இரண்டாம் எழுத்து) அரைப்புள்ளி முடிவு ஆகாது. உரைக்குள்ளேயே அரைப்புள்ளி வரலாம் அல்லவா? ஆகவே 3 என்ற கட்டுப்பாட்டு எழுத்து வரும்வரை உள்ள எல்லாவற்றையும் அது எழுத்தாகவே எடுத்துக்கொள்ளும். என் சொற்செயலி அந்தக் கட்டுப்பாட்டு எழுத்தைக் குப்பை என்று எண்ணி நீக்கிவிட்டது. அதன்பின் வந்த முழு வரைபடமும் தலைப்பின் தொடர்ச்சியாகிவிட்டது. கட்டுப்பாட்டு எழுத்துகளைத் தொடாத தொகுப்பானில் மட்டுமே திருத்துங்கள். மூலக் கோப்பு கையில் இல்லாமல் இப்படிப் பாழான கோப்பு மட்டும் இருந்தால், கோப்பின் தொடக்கத்தில், 'ஐஎன்'க்குப் பின்னால், 'டிடி' கட்டளையால் (முதல் டி நான்காம் எழுத்து, அடுத்தது இருபதாம் எழுத்து) வரைபடத்தில் எங்கும் வராத ஒரு குறியை முடிவுக்குறியாக அறிவித்து, ஒவ்வோர் உரையின் முடிவிலும் அதைக் கையால் போடலாம். சலிப்பான வேலை, ஆனால் பலிக்கும்.

நீக்க வேண்டியவை

பிளாட்டர்கள் பதில் பேசும். தொடர் இணைப்பில் இருந்தவை, இன்னும் எவ்வளவு இடம் இருக்கிறது என்று கேட்ட கணினிக்கு எண்ணால் பதில் சொல்லின. அந்தப் பேச்சுக்கான வரிகள் எஸ்கேப்பை அடுத்து ஒரு புள்ளியோடு தொடங்கும். ஆட்டோகேட் போன்ற மென்பொருள்கள் கோப்பின் தொடக்கத்திலும் முடிவிலும் அவற்றை வைத்திருப்பதுண்டு. லேசர் அச்சுப்பொறிக்கு அவை புரியாது, எல்லாவற்றையும் அழித்துவிடுங்கள். 'ஓஐ', 'ஓஎஸ்', 'ஓஇ' போன்று ஓ எழுத்தில் தொடங்கிப் பதில் கேட்கும் கட்டளைகளையும் நீக்குவது நல்லது. பேனாவின் வேகத்தைச் சொல்லும் 'விஎஸ்' இருந்தாலும் தீங்கில்லை. பேனா எடுக்கும் கட்டளையே இல்லாத கோப்புகளும் உண்டு; பிளாட்டரில் யாரோ கையால் பேனாவை மாட்டியிருப்பார்கள். அச்சுப்பொறியில் 'எஸ்பி1' இல்லாமல் ஒரு கோடும் விழாது. வெற்றுத்தாள் வந்தால் முதலில் இதைப் பாருங்கள்.

அனுப்பும் முறை

அச்சுப்பொறியின் மென்பொருள் இயக்கியின் வழியாக அனுப்பினால் அது நம் கோப்பை உரை என்று எண்ணி மீண்டும் பக்கங்களாக்கிவிடும். ஆகவே தொடாமல் கடத்த வேண்டும். பழைய கணினியில் சாய்கோடு-பி சேர்த்த காப்பி கட்டளையால் எல்பிடி1 இணைப்புக்கு நேராக அனுப்பலாம். விண்டோஸில் அச்சுப்பொறியைப் பகிர்ந்துவிட்டு, அந்தப் பகிர்வுப் பெயருக்கு அதே கட்டளையால் அனுப்பலாம். லினக்ஸில் எல்பி கட்டளைக்கு 'ரா' என்ற விருப்பத்தைக் கொடுக்க வேண்டும். பிணைய அச்சுப்பொறியானால் அதன் 9100 எண் துறைக்கு (போர்ட்) நெட்கேட் என்ற நிரலைக் கொண்டு நேராகத் தள்ளலாம். எனக்கு இதுவே மிகவும் பிடித்த வழி, இடையில் எந்த மென்பொருளும் கை வைக்க முடியாது.

கணினியிலேயே மாற்றுதல்

பிசிஎல் 5 தெரியாத இயந்திரத்துக்கு, குனு திட்டத்தின் ஹெச்பி2எக்ஸ்எக்ஸ் என்ற நிரல் பல்லாண்டுகளாக நம்பகமானது. ஹெச்பி-ஜிஎல் கோப்பைப் படித்து, பிசிஎல் புள்ளிப் படம், இபிஎஸ் (போஸ்ட்ஸ்கிரிப்ட் படக் கோப்பு) எனப் பல வடிவங்களில் எழுதித் தரும். நடுவில் தொடக்கப் புள்ளி உள்ள கோப்புகளிலும் படத்தின் எல்லையை அதுவே கண்டுபிடித்துக்கொள்வதால் கழித்தல் எண்களைப் பற்றிக் கவலையில்லை. ஆனால் எதுவும் சொல்லாவிட்டால் படத்தை 200 மி.மீ. கட்டத்துக்குள் அடக்கிவிடும், தெளிவும் அங்குலத்துக்கு 75 புள்ளிகள்தான். உண்மை அளவு வேண்டுமானால் அதற்கென உள்ள டி விருப்பத்தையும், 300 அல்லது 600 புள்ளிகள் வேண்டுமானால் சிறிய டி எழுத்தின் மற்றொரு விருப்பத்தையும் கொடுக்க வேண்டும். தமிழில் இரண்டும் ஒன்றுபோல ஒலிக்கின்றன: முதலாவது ஆங்கில அகரவரிசையின் இருபதாம் எழுத்து, இரண்டாவது நான்காம் எழுத்து. பேனாக்களின் தடிமனையும் நிறத்தையும் கட்டளையிலேயே கொடுத்துவிடலாம் என்பதால் கோப்பில் தேடி மாற்றும் வேலையும் மிச்சம்.

லேசர்ஜெட் 2 போன்ற பழைய இயந்திரங்களுக்குப் பிசிஎல் புள்ளிப் படமாக எழுதுவது பொருந்தும். இன்றைய மலிவு விலை இயந்திரங்களுக்கு இபிஎஸ் ஆக்கி, கோஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற நிரல் வழியே பிடிஎஃப் செய்து அச்சிடுவது எளிது. முன்பு சொன்ன தலையும் வாலும் ஒட்டிய கோப்பு ஏற்கெனவே கையில் இருந்தால், கோஸ்ட்பிசிஎல் என்ற நிரல் அதையே படித்து நேராகப் பிடிஎஃப் ஆக்கும்; அச்சிடும் முன் திரையில் சரிபார்க்கவும் இது உதவும். பிடிஎஃப் அச்சிடும்போது பக்கத்துக்குப் பொருத்து என்ற தேர்வை நீக்கி, உண்மை அளவு என்பதைத் தேர்ந்தெடுங்கள். இவ்வளவு கணக்கும் போட்டபின், கடைசி உரையாடல் பெட்டியில் 97 சதவீதமாகச் சுருங்கிய படங்களை நான் எத்தனையோ பார்த்திருக்கிறேன்.

பாதிப் படம் வந்தால்

ஏ4 தாளில் அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்றால் 2480-க்கு 3508 புள்ளிகள். ஒரு பக்கத்தை முழுதும் நினைவகத்தில் வைக்க ஒரு மெகாபைட்டுக்குச் சற்று அதிகம் வேண்டும். லேசர்ஜெட் 3 ஒரு மெகாபைட் நினைவகத்தோடுதான் விற்கப்பட்டது. எனவே நெருக்கமான வரைபடங்களில் அதன் முகப்பில் 20 என்ற பிழை வந்தால் நினைவகம் போதவில்லை என்று பொருள். 21 வந்தால் தாள் ஓடும் வேகத்துக்குக் கோடுகளைக் கணக்கிட முடியவில்லை என்று பொருள். நினைவகம் கூட்டப்பட்டிருந்தால் முகப்புப் பட்டியலில் பக்கப் பாதுகாப்பை இயக்கிவிட்டு மீண்டும் அனுப்பலாம். பின்வந்த இயந்திரங்களில் இந்தத் தொல்லை அரிது.

எல்லாம் சரியான பிறகு, முதலில் சேமித்த சதுரத்தை மூல அளவுக் கட்டளைகள் இல்லாமல் அச்சிட்டு, எஃகு அளவுகோலால் இரண்டு பக்கத்தையும் அளந்து பாருங்கள். தாள் வெளிவந்த சூட்டோடு அளக்க வேண்டாம். உருளையின் வெப்பத்தில் காகிதத்தின் ஈரம் வற்றிச் சற்றே சுருங்கியிருக்கும். ஆறவிட்டு, அறையின் ஈரத்தை மீண்டும் வாங்கியபின் அளந்து, 100 மி.மீ.யிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று அகலத்துக்கும் உயரத்துக்கும் தனித்தனியே தாளின் ஓரத்தில் பென்சிலால் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அதே இயந்திரத்தில் வரும் மற்ற வரைபடங்களில் அளவு எடுக்கும்போது அந்தத் தாளைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கும்.